பழைய சாட்சியும் புதிய வழக்கும்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒருவரேனும் கணினி நிறுவனத்திற்குச் சென்று வருபவராக இருக்கிறார். ஊரிலிருந்து வரும் உறவினர், "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "டெஸ்டிங்" என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. கேட்டவரும் தலையை அசைத்துவிட்டுக் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொள்கிறார். அச்சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று மேலும் கேட்பாரும் இல்லை. எடுத்துச் சொல்வாரும் இல்லை. புனே நகரில் ஒரே குழுவில் அவ்வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் நாங்கள் நால்வர், அதன் ஒரு மூலையை மட்டும் இங்கே விளக்கிச் சொல்ல விரும்புகிறோம். மூலை சிறிதுதான், ஆயினும், ஒரு தாய்க்குச் சேரவேண்டிய மாதப் பணம் அம்மூலையில் சிக்கிக்கொண்டு நின்றதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஒரு மென்பொருளை எழுதி முடித்துவிட்டோம் என்று எவரும் சொல்ல இயலாது. இன்று ஒரு வரி மாறும். நாளை வேறொரு வரி மாறும். இங்கே ஒரு திருகாணியை முடுக்கினால் எங்கோ ஓரிடத்தில் வேறொன்று தளர்ந்துவிடக் கூடும். ஆதலின், "இதைக் கேட்டால் இந்த விடை வரவேண்டும்" என்று சொல்லும் சிறு சிறு நிரல்களை ஆயிரக்கணக்கில் எழுதி வைத்திருப்போம். அவற்றின் கூட்டமே சோதனைத் தொகுப்பு. எவர் எந்த வரியை மாற்றினாலும் தொகுப்பு முழுவதும் ஒருமுறை ஓடியாக வேண்டும். எல்லா விடைகளும் ஒத்திருந்தால் திரையில் பச்சை. ஒன்று பிசகினாலும் சிவப்பு. பச்சையைக் கண்டால் அன்றைய வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடலாம். இந்தப் பச்சையின்மீது அலுவலகங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை சொல்லி முடியாது.

இக்காலத்து மென்பொருள் தனித்து வாழ்வதில்லை. வங்கியைக் கேட்கிறது, வரித்துறையைக் கேட்கிறது, அஞ்சல் குறியீட்டுப் பட்டியலைக் கேட்கிறது. சோதனை ஓடும்போதெல்லாம் அந்த வெளியார் வாயிலுக்குச் சென்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். அவர்கள் கதவு மூடியிருந்தால் நம் சோதனை தோற்றுப் போகும். சிலர் ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணமும் வாங்குகிறார்கள். இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். ஒருமுறை கேட்டு, வந்த விடையை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வது. அடுத்தமுறை முதல் அந்தக் கோப்பையே கேட்டுக்கொள்வது. இப்படி எடுத்து வைத்துக்கொள்வதற்குக் 'கேஷ்' என்று பெயர். காசைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் காதில் இப்படியே ஒலிக்கும். எனினும் அது வேறு, இது வேறு. இது 'ஒளித்து வைத்தல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஒளித்து வைத்ததை மறந்துபோவது மனித இயல்பு அல்லவா? தொல்லை யாவும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ரூபி மொழியில் எழுதுவோர்க்காக 2010ஆம் ஆண்டில் 'வி.சி.ஆர்.' என்றொரு கருவி வந்தது. ஒரு காலத்தில் வீடுகளில் திரைப்படம் ஓட்டிய பெட்டியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வெளியார் சொன்ன விடைகளைப் பதிந்து வைக்கும் கோப்புக்கு 'கேசட்' என்று பெயர். நாங்கள் நாடா என்போம். பின்னர்ப் பைத்தான் முதலிய மொழிகளுக்கும் அதே வகைக் கருவிகள் தோன்றின. வாடகைக்கு எடுத்த படத்தை எத்தனை முறை ஓட்டினாலும் கதாநாயகன் அதே வசனத்தைத்தானே பேசுவான்? அதுபோல் நாடாவும் எத்தனை முறை கேட்டாலும் அதே விடையைச் சொல்லும். சோதனை செய்வோர்க்கு இது பெரிய நிம்மதி. வெளி உலகம் ஆடினாலும் அசைந்தாலும் சோதனை ஆடாது. ஆனால் உலகம் நிலையாக நகர்ந்துவிட்டாலும் நாடா நகராது.

நம் வீடுகளில் இதற்கு நல்லதோர் ஒப்புமை உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று. முன்னோர் மனப்பாடமாகப் போற்றி வைத்த வாக்கியங்களைக் கொண்டு கோள்களின் இருப்பைக் கணிப்பது முன்னது. கண்ணால் காணும் வானநிலையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு கணிப்பது பின்னது. 'திருக்' என்பதே பார்வையைக் குறிக்கும் சொல். 2023ஆம் ஆண்டில் சனிப்பெயர்ச்சி என்று என்னும் கேள்வி எத்தனை இல்லங்களில் எழுந்தது! திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றுத் திருக்கோயிலில் வாக்கிய முறையே கைக்கொள்ளப்பட்டது. வழிபாட்டில் எது முறை என்று தீர்ப்புக் கூற நாங்கள் வரவில்லை. அது மரபைப் பொறுத்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 11 மாதம் எப்படி வந்தது என்பதே எங்கள் கவனத்துக்கு உரியது. ஓராண்டில் ஏற்படும் பிசகு மிகச் சிறியது, எவர் கண்ணுக்கும் தெரியாதது. அது பல நூற்றாண்டுகள் சேர்ந்து மாதங்களாகிவிட்டது. எங்கள் நாடாக்களுக்கோ நூற்றாண்டு வேண்டியதில்லை. இரண்டே ஆண்டு போதும்.

கணினித் துறையில் இத்தொல்லை புதிதன்று. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் 1976ஆம் ஆண்டில் 'மேக்' என்னும் கருவியை எழுதினார். அதற்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சி சுவையானது. அவருடன் பணிபுரிந்த ஸ்டீவ் ஜான்சன், 'யாக்' என்னும் கருவியைப் படைத்த பெரிய அறிஞர். அவர் ஒரு நாள் காலைப்பொழுது முழுவதையும் ஒரு நிரலில் பிழை தேடிக் கழித்தார். நிரலில் பிழை இல்லை. அதை முன்பே திருத்தியிருந்தார். ஆனால் திருத்திய கோப்பை மீண்டும் மொழிமாற்றம் செய்யாமல் விட்டதால், ஓடிக்கொண்டிருந்தது பழைய வடிவம்! நொந்துகொண்டே அவர் ஃபெல்ட்மனின் அறைக்கு வந்து முறையிட்டார். ஃபெல்ட்மனும் முந்தைய மாலையில் அதே துன்பத்தில் உழன்றவர். எது எதிலிருந்து உண்டானது என்று எழுதி வைத்து, மூலம் புதிதாகவும் அதிலிருந்து உண்டானது பழையதாகவும் இருந்தால் தானே மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும் கருவி அதன் பின்னரே பிறந்தது. 2003ஆம் ஆண்டில் அதற்காக அவருக்கு ஏ.சி.எம். கழகத்தின் மென்பொருள் விருதும் கிடைத்தது. அரை நூற்றாண்டாகியும் நாங்கள் தீர்க்க முயல்வது அதே வழக்கைத்தான். சோதனை புதிது, அதற்குத் துணை நிற்கும் தரவு பழையது. இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி?

மேற்சொன்ன தாயின் கதைக்கு வருவோம்.

பணம் அனுப்பும் படிவங்களில் ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் 11 எழுத்துக் குறியீட்டை அன்பர்கள் எழுதிப் பழகியிருப்பார்கள். முதல் நான்கு எழுத்து வங்கியையும் கடைசி ஆறு எழுத்து கிளையையும் குறிக்கும். இடையே ஒரு சுழி. கல்வெட்டுப் போல் மாறாதது என்று நாமெல்லாம் எண்ணியிருந்த இக்குறியீடு, வங்கிகள் இணைந்தபோது மாறத் தொடங்கியது. 2020 ஏப்ரல் 1ஆம் நாள் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காயின. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்தது. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியில் கலந்தன. 1926இல் கரூரில் தோன்றிய நம் லட்சுமி விலாஸ் வங்கியும் அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள் டி.பி.எஸ். வங்கியுடன் இணைந்துவிட்டது. பெயர்ப்பலகை உடனே மாறிய இடங்களிலும் பழைய குறியீடு சில காலம் செல்லும் என்று அவகாசம் தந்தார்கள். சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமற் போயின. மற்றவையும் முன்பின்னாக அவ்வழியே சென்றன.

அக்காலத்தில் புனேயைச் சுற்றியுள்ள சிறு தொழிற்சாலைகளுக்கு ஊதியம் பட்டுவாடா செய்யும் மென்பொருள் ஒன்று ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அதில் ஒரு நல்ல வசதி உண்டு: தொழிலாளி தன் ஊதியத்தைப் பிரித்து, ஒரு பங்கு தனக்கும் மறு பங்கு நேரே ஊரிலுள்ள பெற்றோர் கணக்குக்கும் போகும்படி எழுதிக் கொடுக்கலாம். ஊருக்குப் பணம் அனுப்புவதே வாழ்வின் பாதிக் கவலையாக உள்ள நம்மவர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பணம் புறப்படும் முன் மென்பொருள் வெளியார் சேவை ஒன்றைக் கேட்டு, "இக்குறியீடு உண்டா?" என்று உறுதி செய்துகொள்ளும். அதைச் சோதிக்கும் நிரல்களும் பழுதில்லாமல் எழுதப்பட்டிருந்தன. அம்மென்பொருளின் சோதனைப் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்து சேர்ந்தது, அது பழுதுபட்டது என்று தெரிந்த பிறகே.

தெரிவித்தவர் சாக்கன் தொழிற்பேட்டையில் வெல்டராக வேலை செய்த ஒரு தமிழ் இளைஞர். இந்தியில் சொல்லிப் பார்த்திருக்கிறார். மறுமுனையில் இருந்தவர்க்குப் புரியவில்லை. தமிழ் பேசுவோர் இங்கே இருக்கிறார்கள் என்று தொலைபேசியை எங்களிடம் மாற்றிவிட்டார்கள்.

"சார், என் பங்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் போகவில்லை. அம்மா ரெண்டு தடவை பேங்குக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள். கம்பெனியில் சம்பளம் போடவில்லையா என்று என்னைக் கேட்கிறார்கள்" என்றார்.

சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர். வங்கிக் கிளைக்குப் போக ஒரு பேருந்து. மாதாமாதம் மருந்துக் கடைக்கு எழுதி வைத்த கணக்கு. பணம் தொலையவில்லை, செல்லாத குறியீட்டுக்கு அனுப்பிய தொகை அனுப்பியவர் கணக்குக்கே திரும்பி வந்து கிடந்தது. ஆனால் அது திரும்பியதை அங்கே கண்டுபிடித்து மறுபடி அனுப்புவதற்குள் ஒன்பது நாள் சென்றுவிட்டது. அவர் ஒருவர் அல்லர்; அவரைப்போல் இன்னும் பலர் இருந்தனர்.

நாங்கள் சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்த்தோம். முழுதும் பச்சை! பயிர் வாடிக்கிடக்க, மழை பெய்ததாக ஏட்டில் எழுதியிருந்தால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது. பிறகு நாடாவைத் திறந்து பார்த்தோம். வி.சி.ஆர். நாடாவில் ஒவ்வொரு விடைக்கும் அருகே அது பதிவான நாளும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். அங்கே கண்டது 2019 பிப்ரவரி. வங்கிகள் இணைவதற்கு ஓராண்டுக்கும் முந்திய பதிவு. நாடாவை ஒதுக்கிவிட்டுச் சேவையை நேரே கேட்கச் செய்த மாத்திரத்தில் சிவப்பு எரிந்தது.

நடந்தது இதுதான். பழைய குறியீட்டைக் கேட்டால் அச்சேவை இப்போது "இல்லை" என்று சொல்வதில்லை. "உண்டு, ஆனால் வேறு வங்கியோடு இணைந்துவிட்டது, புதிய குறியீடு இது" என்று சொல்கிறது. வாடிக்கையாளர்க்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் சேர்த்த சேதி அது. மென்பொருளோ 2019இன் விடை வடிவத்தை மட்டும் அறிந்தது. "உண்டு" என்னும் முதற்சொல்லைக் கேட்டதும் தலையசைத்துவிட்டுப் பணத்தை அனுப்பியது. பின்வந்த சொற்களைக் கேட்கவே இல்லை. சோதனையும் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஏனெனில் அதன் முன் நின்ற சாட்சி 2019இல் கண்டதையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. சாட்சி பொய் சொல்லவில்லை. வழக்குத்தான் மாறிவிட்டது.

இச்செய்தி வெளிப்பட்டதும் எங்கள் குழுவுக்குள் ஒரு வாதம் மூண்டது. அது பல வாரம் நடந்தது. எங்களுள் மூத்தவர், "நாடாவே வேண்டா, எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நேரே கேட்போம்" என்றார். இளையவரான தங்கை ஒருவர் அதை ஏற்கவில்லை. "அண்ணா, அவர்கள் சேவை அரை மணி நேரம் நின்றால் நம் அலுவலகம் முழுவதும் அரை மணி நேரம் நிற்கும். நம் தவறு எது, அவர்கள் தவறு எது என்று எப்படிப் பிரித்தறிவது?" என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எங்கள் கருத்தில் தங்கையின் பக்கமே கனம் மிகுதி. ஏனெனில், காரணமின்றி அடிக்கடி சிவப்பாகும் சோதனையை மக்கள் நாளடைவில் மதிப்பதில்லை. "அது அப்படித்தான், மறுபடி ஓட்டு" என்று கடந்து போகத் தொடங்கிவிட்டால், மெய்யான சிவப்பு வரும் நாளிலும் அப்படியே கடந்து போவார்கள்.

நாடாவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஆனால் நாடா பிறழ்வது ஒரே வகையில் அன்று என்பதை அப்போது நன்றாக உணர்ந்தோம். உலகம் மாற நாடா நிற்பது ஒரு வகை. அதைத்தான் மேலே கண்டோம். நம் நிரலே மாற நாடா நிற்பது மற்றொரு வகை. சோதனை புதிதாக ஒரு கேள்வியைக் கேட்கிறது. நாடாவில் அதற்கு விடையில்லை. வி.சி.ஆர். கருவியில், பழைய விடைகளைப் பழைய நாடாவிலிருந்தே எடுத்துக்கொண்டு, புதிய கேள்விக்கு மட்டும் வெளியே சென்று கேட்டு அதே நாடாவில் ஒட்டிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. வசதியானது, எங்கள் எண்ணத்தில் ஆபத்தானதும் அதுவே. அப்படி ஒட்டிய ஒரு நாடாவில் ஒரு கிளை 2019இல் பழைய வங்கியின் பெயரோடும், சில வரிகள் கீழே 2021இல் புதிய வங்கியின் பெயரோடும் ஒருங்கே இருக்கக் கண்டோம். எந்த நாளிலும் உலகம் அப்படி இருந்ததில்லை. முழுதும் பழையதாயினும் ஒரு நாளின் உண்மை அதில் இருக்கும். ஒட்டுப் போட்ட நாடாவில் எந்த நாளின் உண்மையும் இல்லை. சோதனையை நீக்கியபின் அதன் நாடா மட்டும் அனாதையாகக் கிடப்பதும் உண்டு. அதனால் தீங்கில்லை என்பார்கள். ஆயினும் பின்னால் வருபவர் அதைக் கண்டு ஏதோ முக்கியம் என்று எண்ணிப் போற்றத் தொடங்கிவிடுவார்.

நம் பக்கத்து மாற்றங்களைக் காண்பது எளிது. முன்னாளில் 'மேக்' செய்தது போல் கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டால் போதாது. இன்று எல்லாரும் நிரல்களைக் 'கிட்' என்னும் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். அது கோப்பு மாறிய நேரத்தைப் போற்றி வைப்பதில்லை. களஞ்சியத்திலிருந்து படியெடுத்த கணத்தில் எல்லாக் கோப்புக்கும் பிறந்த நாள் இன்றே! ஆகையால் நேரத்தை விட்டுக் கைரேகையைப் பற்றிக்கொண்டோம். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை 'எஸ்.எச்.ஏ.-256' என்னும் கணக்கில் இட்டால் 64 எழுத்துள்ள ஒரு சரம் கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் அடியோடு மாறிவிடும். ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு பதிவுச் சீட்டு எழுதினோம்: எந்த நாளில், எந்தச் சேவையைக் கேட்டு, எந்த நிரலால் பதிந்தது, அந்நிரலின் ரேகை என்ன, நாடாவின் ரேகை என்ன. தொகுப்பு ஓடத் தொடங்கும்போதே சீட்டையும் ரேகையையும் ஒப்பிடும். பிசகினால் ஒரு சோதனையும் ஓடாது. "நாடா பழையது, மீண்டும் பதிக" என்று சொல்லி நின்றுவிடும். தோல்வி வேறு, பழமை வேறு என்று திரையில் பிரித்துக் காட்டியது பெரிய உதவியாயிற்று.

பொதுக் கணினிகளில் சோதனை ஓட்டுவோர்க்கு ஒரு சொல். கிட்ஹப் தளத்தின் தானியங்கியில் தரவை எடுத்து வைக்கும்போது அதற்கு ஒரு சாவிப்பெயர் இடவேண்டும். ஒரு பெயரில் ஒருமுறை வைத்ததன்மேல் மறுபடி எழுத இயலாது. ஏழு நாள் எவரும் தொடாதிருந்தால் அது தானே நீக்கப்படும். இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். மாறாத ஒரு பெயரை இட்டு வைத்தால், நாள்தோறும் தொடப்படுவதாலேயே அந்தப் பழைய தரவு நீங்காமல் நிற்கும். யாரும் சீந்தாதது ஒரு வாரத்தில் போய்விடும். எல்லாரும் நம்புவது நெடுங்காலம் பழையதாகவே வாழும். சாவிப்பெயரிலேயே ரேகையைச் சேர்த்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

ஆயினும் ரேகை நம் வீட்டு மாற்றத்தை மட்டுமே காட்டும். வெளியுலகம் மாறும்போது நமக்கு ஓலை அனுப்புவதில்லை. நாமே போய்க் கேட்டாலன்றித் தெரியாது. நாடாவுக்குக் கெடு வைத்து, கெடு கடந்தால் தானே புதிதாகப் பதிந்துகொள்ளும்படி செய்யும் ஏற்பாடும் வி.சி.ஆர். கருவியிலேயே உண்டு. நாங்கள் அதை விரும்பவில்லை. ஏதோ ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற வந்தவர், தமக்குத் தொடர்பே இல்லாத வங்கிக் குறியீட்டுச் சிவப்பில் மாட்டிக்கொண்டு விழிப்பார். பகலில் எல்லாரும் நாடாவைக் கொண்டே சோதிப்பது. இரவில் தனியே ஓர் ஓட்டம் வைத்து, அது மட்டும் வெளியே சென்று நேரே கேட்டு, விடையை நாடாவோடு வரிக்கு வரி ஒப்பிட்டு வேறுபாட்டை எழுதிவைப்பது என்று ஏற்படுத்தினோம். மார்ட்டின் ஃபவுலர் என்னும் மென்பொருள் எழுத்தாளர் இவ்வகைக்கு 'ஒப்பந்தச் சோதனை' என்று பெயர் தந்து 2011ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்; இரவுச் சோதனை தோற்றால் அன்றாட வேலையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒருவர் அதை ஆராய்ந்தே தீரவேண்டும் என்பது அவர் கருத்து. மூத்தவரும் இதற்கு இசைந்தார்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சி நின்ற ஒரு கேடு, மற்றெல்லாவற்றையும்விடக் கொடியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அது புதுப்பிக்கும் பொத்தான்.

'ஜெஸ்ட்' என்னும் சோதனைக் கருவியில் 2016ஆம் ஆண்டு முதல் 'ஸ்னாப்ஷாட்' என்று ஒன்றுண்டு. நிரல் இன்று தரும் விடையைப் படம் பிடித்தது போல் பதிந்து வைத்துக்கொண்டு, நாளை வரும் விடையை அதனோடு ஒப்பிடும். வேறுபட்டால் சிவப்பு. அந்த வேறுபாடு நாமே விரும்பிச் செய்ததாயின், கட்டளையோடு 'யு' என்னும் ஓரெழுத்தைச் சேர்த்தால் படங்களெல்லாம் புதியவையாகும், திரையும் பச்சையாகும். ஓரெழுத்து! மாலை ஆறு மணிக்கு, கடைசிப் பேருந்தை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஊதியச் சீட்டின் தலைப்பை மாற்றியதால் முப்பது படங்கள் சிவப்பாகின்றன. இருபத்தொன்பது தலைப்பால் வந்தவை. ஒன்று மட்டும் பைசாவை முழுமையாக்கும் கணக்கில் புகுந்த பிழையால் வந்தது. எழுத்தைத் தட்டியவுடன் முப்பதும் பச்சை. அந்தப் பிழையே இனிச் 'சரியான விடை' என்று ஏட்டில் ஏறிவிட்டது. குற்றவாளி சொல்வதையே சாட்சி திருப்பிச் சொல்லும்படி கற்பித்துவிட்டால் பிறகு விசாரணை எதற்கு? தரவு பழையதாக இருப்பதைவிட, படிக்காமல் புதுப்பிக்கப்படுவது மோசம் என்போம். பழைய நாடாவில் என்றோ ஒருவர் கண்ணால் கண்ட உண்மையாவது இருக்கும்.

ஆதலின் எங்கள் குழுவில் நாடாவைத் தானே புதுப்பிக்கும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டோம். நிரல் மாற்றமும் நாடா மாற்றமும் ஒரே சமர்ப்பிப்பில் வரலாகாது. நாடா மாறினால் அதன் வேறுபாட்டை இருவர் படித்து, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதி ஒப்பமிட வேண்டும். "வேலை இரட்டிப்பாகிறதே" என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். நாங்கள் சாக்கன் இளைஞரின் தாய் இரண்டு முறை பேருந்து ஏறி இறங்கியதைச் சொன்னோம். பிறகு முணுமுணுப்பு குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இடையே ஒன்று சொல்ல மறக்கலாகாது. நேரே கேட்டுப் பதியும்போது மெய்யான மனிதரின் கணக்கு எண்ணும் பெயரும் நாடாவில் ஏறிவிடக் கூடும். அந்த நாடா களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டால் பழைய பதிப்புகளிலும் தங்கிவிடும். ஒரு நாள் அழித்ததால் மட்டும் மறையாது. பதியும் நேரத்திலேயே அவற்றை மறைத்துப் போலி எண்ணை இடும் வசதி கருவிகளில் இருக்கிறது. அதைச் செய்யாமல் ஒரு நாடாவையும் உள்ளே விடுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

இரவு ஓட்டத்தின் அறிக்கை நாள்தோறும் காலையில் வருகிறது. பெரும்பாலும் ஒரே வரி: "வேறுபாடு இல்லை." அதைப் படிப்பதற்குக்கூட ஒருவரை முறை வைத்து நியமித்திருக்கிறோம், ஏனெனில் நாள்தோறும் ஒரே வரி வந்தால் படிப்பதை விட்டுவிடுவது எளிது. சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை அறிக்கையில் வரி இரண்டாக இருந்தது. நாங்கள் நாடாவில் வைத்திருக்கும் கிளைகளுள் ஒன்றின் முகவரியில் ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது: திருநெல்வேலி மாவட்டம் என்றிருந்த இடத்தில் தென்காசி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அச்செய்தி அந்தச் சேவையின் ஏட்டில் ஏற இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது. மாவட்டப் பெயரை எங்கள் மென்பொருள் எங்கே எல்லாம் பயன்படுத்துகிறது என்று தேடினோம். ஊதியச் சீட்டில் ஓரிடம், ஆண்டறிக்கையில் ஓரிடம். இரண்டும் மாவட்டங்களின் பட்டியல் ஒன்றோடு ஒப்பிட்டே அச்சிடும். அப்பட்டியலில் தமிழ்நாட்டுக்கு இன்னும் 32 மாவட்டமே இருந்தது. 38 ஆக்கிச் சோதித்து, அதை முதலில் ஒரு சமர்ப்பிப்பாக அனுப்பினோம். மறுநாள், இருவர் படித்து ஒப்பமிட்ட பிறகு, நாடாவைப் புதுப்பித்தோம்.